குத்தாமல் அறிதல்: ரத்தமும் காந்தமும்

1

அம்மா அந்தக் காகிதக் கட்டை என் முன்னால் வைத்தபோது அவள் முகத்தில் வழக்கில் ஜெயித்து வந்தவளின் களை இருந்தது. 'ஏய்யா, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கல. கையில ஒரு கம்பியப் பிடிக்கச் சொன்னான். ஒரு நிமிசம், அம்புட்டுத்தான். சுகர் நார்மல்னு வந்துருச்சு பாரு.'

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாம் அது. முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கால்சியம், துத்தநாகம், பித்தநீர், எலும்பின் அடர்த்தி என்று அம்மாவின் உடம்பு பத்தி பத்தியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை எண் தரப்பட்டிருந்தது. முதல் பக்கத்தில் காந்தம், ஒத்ததிர்வு, குவாண்டம் ஆகிய மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் இருந்தன. பதினாலு வருசமாகச் சுகர் மாத்திரை போடுகிறவள், அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு முகாமில் விற்ற பொடியைத் தின்ன ஆரம்பித்திருந்தாள். மூன்று வாரம் கழித்துத் தலைசுற்றி விழுந்தாள். அரசு மருத்துவமனையில் விரலைக் குத்திப் பார்த்தார்கள்: 340.

அடுத்த முகாம் பக்கத்து ஊரில் நடந்தபோது நானே போனேன். பெயர், வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று எழுதித் தரச் சொன்னார்கள். பெண் பெயர் ஒன்றை எழுதி, வயது 62 என்று போட்டு, அம்மாவின் அறிக்கையை வாங்க வந்ததுபோல நின்றேன். 'கூட்டமா இருக்கு சார், அவங்களுக்குப் பதிலா நீங்களே பிடிங்க, ரத்த சொந்தம்தானே' என்றார் பெட்டிக்காரர். பிடித்தேன். என் கருப்பை நல்ல நிலையில் இருப்பதாக அறிக்கை வந்தது.

சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கூட்டத்தைப் பார்த்துப் பேசியது என்னைச் சிரிக்கவிடவில்லை. 'அலோபதி உங்க உடம்ப உங்ககிட்டருந்து பறிச்சிருச்சு. குத்துறதும் வெட்டுறதும் வன்முறை. உடம்பு பேசும், நாம கேக்கணும்.' இந்த வாக்கியங்கள் எனக்குப் பழக்கமானவை. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் பழைய சிறுபத்திரிகைகளைப் புரட்டி, ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றி யாரோ சுருக்கித் தந்ததை வாசித்து, டீக்கடையில் உட்கார்ந்து நாங்கள் பேசியவை. நவீன மருத்துவம் என்கிற அதிகாரத்தைக் கட்டவிழ்க்க நாம் செய்து வைத்த சொல்லாடல், இன்னொருவர் கையில் பொடி விற்கிற சரக்காக ஆகிப்போயிருந்தது. அதற்கு விலை கொடுத்தது என் அம்மாவின் உடம்பு.

அந்தப் பொறுப்பிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. காந்தத்தைக் கொண்டு, தோலைக் குத்தாமல், ரத்தத்தின் ரசாயனத்தை அறிய முடியுமா? முடியும். அதனால்தான் பொய்க்கு அந்தச் சொல் பயன்படுகிறது. எதை அறிய முடியும், எவ்வளவு, எத்தனை காலம் உழைத்து என்பதை வரலாறாகச் சொல்லாதவரை அந்தப் பெட்டிக்கும் மருத்துவமனைக் காந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம் அம்மாக்களுக்கு நம்மால் சொல்லித்தர முடியாது.

2

1845 நவம்பர், லண்டன். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, அங்கே கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே வாசித்து விஞ்ஞானி ஆன மைக்கேல் ஃபாரடே, கைக்குக் கிடைத்ததையெல்லாம் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மரம், ரொட்டி, ஆப்பிள், மாமிசம். காந்தம் இழுக்கிற பொருள் ஒருசில. பெரும்பாலானவற்றைக் காந்தம் மெல்லத் தள்ளுகிறது என்பதை அப்போதுதான் அவர் கண்டுபிடித்திருந்தார். அந்த வரிசையில் காய்ந்த ரத்தமும் வந்தது. ரத்தத்தில் இரும்பு உண்டு என்பது அன்றைக்குத் தெரிந்த விஷயம். இரும்பு இருந்தும் காந்தம் அதை இழுக்கவில்லை. காயாத, புது ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நவம்பர் 8ஆம் தேதி தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அந்த ஆய்வை வெளியிட்ட கட்டுரையில் விநோதமான ஒரு படிமம் இருக்கிறது. ஒரு மனிதனைப் போதிய நுட்பத்தோடு கயிற்றில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்துக்குள் வைத்தால், அவன் முனைகளை நோக்கித் திரும்பாமல் குறுக்காக நிற்பான் என்கிறார் ஃபாரடே. ரத்தம் உட்பட அவனை உண்டாக்கிய எல்லாப் பொருளும் அப்படிப்பட்டவை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து மனிதனை உள்ளே நுழைக்கப்போகிற காந்தக் குழாயின் முன்னறிவிப்பு மாதிரி இதை இன்று வாசிக்கத் தோன்றும். ஃபாரடேயிடம் அப்படி ஒரு நோக்கம் இருக்கவில்லை. எந்த ரத்தம் என்கிற கேள்வியும் அவரிடம் இருக்கவில்லை: நுரையீரலிலிருந்து புறப்படுகிற ரத்தமா, உடம்பெல்லாம் உழைத்துவிட்டுத் திரும்பி வருகிற ரத்தமா?

அந்தக் கேள்விக்கு 91 வருடம் ஆனது. 1936இல் கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் ரத்தக் குழாயைத் தராசில் கட்டிக் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார்கள். காந்தம் இழுத்தால் எடை கூடும், தள்ளினால் குறையும். எளிய ஏற்பாடுதான். ஆக்ஸிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் இழுப்பதில்லை. ஆக்ஸிஜனை இறக்கிவைத்துவிட்ட ஹீமோகுளோபினை இழுக்கிறது. இறக்கிவைத்த நிலையில், ஒவ்வொரு இரும்பணுவிலும் ஜோடி சேராத நான்கு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஆக்ஸிஜன் மூலக்கூறிலும் தனியாக இருக்கும்போது ஜோடி சேராத எலக்ட்ரான்கள் உண்டு. காந்தத்துக்கு இணங்கும் இந்த இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் இரண்டின் இணக்கமும் மறைந்துபோகிறது. அந்தக் கட்டுரை ஃபாரடேயின் பழைய நாட்குறிப்பு வரியை நினைவுகூர்ந்தே தொடங்குகிறது. ஒருவர் செய்யாமல் விட்ட வேலையை, அவர் விட்டதையே மேற்கோள் காட்டி, 91 வருடம் கழித்து இன்னொருவர் செய்கிறார். அறிவு கைமாறுவது இப்படித்தான். மண்டபத்துப் பெட்டிக்கு முன்னோர் யாரும் கிடையாது.

ஆனால் பாலிங் எடைபோட்டது உடம்பைவிட்டு வெளியே எடுத்த ரத்தம். குத்தாமல் அறிவதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது.

3

அந்த வழி யுத்தத்திலிருந்து வந்தது. ஃபாரடே தன் குறிப்பை எழுதிச் சரியாக நூறு வருடம் கழித்து, 1945 டிசம்பரில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் மெழுகுக் கட்டி ஒன்றிலிருந்தும், அதையடுத்த சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் ப்ளாக் தண்ணீரிலிருந்தும் அணுக்கருவின் ஒத்ததிர்வைப் பிடித்தார்கள். 1946இல் இரண்டும் அச்சேறின. 1952இல் இருவருக்கும் நோபல் பரிசு. பர்செல் யுத்த காலத்தில் ரேடார் ஆய்வில் இருந்தவர். ப்ளாக் எதிரியின் ரேடாரை ஏமாற்றும் ஆய்வில். விமானத்தைத் தேடக் கற்றுக்கொண்ட ரேடியோ வித்தை அணுவின் கருவைத் தேடப் போனது.

ஒத்ததிர்வு என்பது என்ன? ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சின்னக் காந்தம். வலுவான காந்தப் புலத்துக்குள் வைத்தால் அது பம்பரம்போலத் தலையாட்டிச் சுழலும். சுழலும் வேகம் புலத்தின் வலுவைப் பொறுத்தது. அதே வேகத்தில் துடிக்கும் ரேடியோ அலையை அனுப்பினால் அது ஏற்றுக்கொள்ளும். அலையை நிறுத்தியதும் தானும் ஒரு அலையைத் திருப்பி அனுப்பும். சுருதி சேர்ந்த தந்திதான் கூட அதிரும் என்பதைப் போல. இன்று பல மருத்துவமனைகளில் இருக்கும் எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலு ஒன்றரை டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அப்படியிருந்தும் பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களில் ஏறக்குறைய ஐந்து மட்டுமே மிச்சமாக நின்று நமக்குக் கேட்கும்படி பதில் சொல்கின்றன. மற்றவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. உடம்பில் தண்ணீர் ஏராளமாக இருப்பதால் அந்த ஐந்தும் போதுமானதாகிறது.

இதைச் சொல்லும்போதே அந்தக் கம்பியின் கதை முடிந்துவிடுகிறது. மேசைமேல் வைக்கும் டப்பா ஒன்றில் இப்படியொரு புலம் கிடையாது. புலம் இல்லாத இடத்தில் தலையாட்ட எதுவும் இல்லை; பதிலும் இல்லை. நாம் எழுதிக்கொடுத்த வயதும் எடையும்தான் அறிக்கையாகத் திரும்பி வருகின்றன.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்பதே இந்த முறையின் முழுப்பெயர். 1973இல் பால் லாட்டர்பர் இதைக்கொண்டு முதல் படத்தை வெளியிட்டு, பிறகு மருத்துவமனைக்குள் அது நுழைந்த காலத்தில், அணுக்கரு என்ற சொல்லைக் கேட்டு மக்கள் அணுகுண்டையும் கதிர்வீச்சையும் நினைத்துப் பயந்தார்கள். அந்தச் சொல் உதிர்க்கப்பட்டது. பயத்துக்காக மருத்துவம் ஒரு சொல்லைக் கைவிட்டது. மிச்சமிருந்த இரண்டையும் வியாபாரி எடுத்துக்கொண்டார்.

4

ரத்தத்திடம் இந்த முறையில் முதலில் கேட்கப்பட்டவை சிறிய கேள்விகள். 1973இல் கலிஃபோர்னியாவில் மூனும் ரிச்சர்ட்ஸும் பாஸ்பரஸ் கருவின் ஒத்ததிர்வைக் கேட்டு, சிவப்பணுவை உடைக்காமலேயே அதன் உள்ளே இருக்கும் அமிலத்தன்மையை அளந்தார்கள். 1981இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் ராடாவின் குழு, மெக்கார்டில் நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் கைத்தசையை, துணுக்கு எதுவும் வெட்டி எடுக்காமல், இப்படியே சோதித்தது. உழைக்கும்போது சாதாரணத் தசையில் அமிலம் ஏறும். அவர் தசையில் ஏறவில்லை.

அதே ஆக்ஸ்ஃபோர்டில் 1982இல் கீத் துல்போர்னும் சகாக்களும் பாலிங்கின் கண்டுபிடிப்பை ஒத்ததிர்வோடு இணைத்தார்கள். ஆக்ஸிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் ஒரு குட்டிக் காந்தம்போல நடந்துகொள்வதால் தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் கலைக்கிறது. பக்கத்தில் இருக்கும் தண்ணீரின் சுருதி பிசகுகிறது. பதில் அலை சீக்கிரம் மங்கிவிடுகிறது. ஆக, தண்ணீரின் பதில் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று பார்த்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்லலாம்.

1990இல், ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸில் சேய்ஜி ஒகாவா எலிகளின் மூளையைப் படமெடுத்தபோது ரத்த நாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. எலிக்குச் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்கக் கொடுத்தார், கோடுகள் அழிந்தன. சாதாரணக் காற்றைக் கொடுத்தார், திரும்பி வந்தன. படத்தின் குறை என்று தள்ளிவிட்டிருக்கக்கூடிய அந்தக் கறுப்பு, ரத்தம் எழுதிய எழுத்தாக வாசிக்கப்பட்டது. 1992இல் மனித மூளையிலும் இது செய்யப்பட்டது. இன்று பத்திரிகைகளில் நாம் பார்க்கிற, மூளையில் சிவப்பாக எரியும் பகுதிகள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். அங்கே எரிவது எண்ணமல்ல என்பதை நம்முடைய கோட்பாட்டாளர்கள் மறந்துவிடுகிறார்கள். ரத்தத்தின் ஆக்ஸிஜன் ஏறி இறங்குவதன் நிழல் அது.

நிழலை எண்ணாக மாற்றுவதுதான் கடினம். கூடியது, குறைந்தது என்று சொல்வது வேறு. நூற்றுக்கு அறுபது என்று சொல்வது வேறு. 1991இல் ஸ்டான்ஃபோர்டில் கிரஹாம் ரைட்டும் சகாக்களும், 2008இல் ஹான்ஜாங் லூவும் யூலின் கேயும் அந்த எண்ணை நெருங்கினார்கள். பின்னவர்களின் முறை, மூளையிலிருந்து இறங்கும் பெரிய சிரையில் ஓடும் ரத்தத்தின் பதிலை மட்டும் பிரித்தெடுத்து அதன் ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. ஆனால் பதில் மங்கும் வேகத்தை ஆக்ஸிஜன் அளவாக மொழிபெயர்க்க ஓர் அகராதி வேண்டும். அந்த அகராதி எப்படித் தயாராகிறது? எடுத்த ரத்தத்தைக் குழாயில் வைத்து, வெவ்வேறு ஆக்ஸிஜன் அளவுகளில் சோதித்துத்தான். ஒருவரைக் குத்தாமல் அறிவதற்கு முன்னால் வேறு யாரோ குத்தப்பட்டிருக்கிறார்கள். குத்தாத அறிவு என்று தனியாக ஒன்று இல்லை. குத்தின அறிவின் தோளில் ஏறி நிற்பதுதான் அது.

5

சர்க்கரைக்கு வருவோம். அம்மா கேட்டது அதைத்தான்.

ஆக்ஸிஜனைக் காந்தம் கண்டுபிடிப்பதற்கு இரும்பு உதவுகிறது. சர்க்கரைக்கு அப்படி ஒரு காட்டிக்கொடுப்பவன் இல்லை. அதன் சொந்த ஹைட்ரஜன்களின் குரலைத்தான் கேட்டாக வேண்டும். சாப்பிடாத வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும் ரத்தத்தில், ஒரு சர்க்கரை மூலக்கூறுக்குச் சுமார் பத்தாயிரம் தண்ணீர் மூலக்கூறுகள். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைத் தெருமுனையிலிருந்து கேட்பது மாதிரி. அதோடு சர்க்கரையின் சுருதி தண்ணீரின் சுருதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1992இல் யேல் பல்கலைக்கழகத்தில் மனித மூளையின் சர்க்கரையை ஒத்ததிர்வால் நேரடியாக அளந்தார்கள். அதற்கு, ஒத்ததிர்வில் தனியாகக் கேட்கக்கூடிய கார்பன்-13 கொண்ட சர்க்கரையைத் தன்னார்வலர்களின் நரம்பு வழியே ஏற்ற வேண்டியிருந்தது. ஊசி வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

விஞ்ஞானமும் ஆசைப்பட்டு விழுந்திருக்கிறது. 1986இல் பாஸ்டனில் எரிக் ஃபோசலும் சகாக்களும், எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவை ஒத்ததிர்வில் வைத்தால் அலையின் அகலத்தைக்கொண்டே புற்றுநோய் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம் என அறிவித்தார்கள். பெரும் பரபரப்பு. மற்றவர்கள் செய்து பார்த்தார்கள், அப்படி வரவில்லை. அந்த அகலம் ரத்தக் கொழுப்பைப் பொறுத்துப் பெருமளவு மாறுகிறது என்று தெரிந்தது. சில வருடங்களுக்குள் அந்த நம்பிக்கை கலைந்துபோனது. எனக்கு இந்தத் தோல்விக் கதைமேல் மரியாதை உண்டு. மற்றவர்கள் செய்து பார்க்கும்படி அது சொல்லப்பட்டிருந்தது; அதனால்தான் பொய்ப்பிக்க முடிந்தது. மண்டபத்துப் பெட்டிக்குத் தோற்கிற தைரியம் கிடையாது.

காந்தத்தை விட்டு ஒளியையும் மின்சாரத்தையும் நம்பிய முயற்சிகளும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தோலைக் குத்தாமல் சர்க்கரை சொல்லுவதாக விற்கப்படும் கைக்கடிகாரம், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம், அப்படி எதற்கும் நாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

6

இப்போது நம்முடைய பழைய சொல்லாடலுக்குத் திரும்புகிறேன். மருத்துவம் அதிகாரம்தான், அதை நான் வாபஸ் வாங்கவில்லை. குத்தாத கருவிக்கும் அரசியல் உண்டு. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர், 1974இல் ஜப்பானில் தகுவோ அயோகி உருவாக்கிய முறையில் இயங்குகிறது. தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தின் ஆக்ஸிஜனைச் சொல்லும் கருவி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தும் கருவி பரவாயில்லை என்று காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடக்கிறது என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. ஒளி தோலைக் கடந்துதான் போக வேண்டும். கறுத்த தோலைக் கணக்கில் வைக்காமல் கருவி செய்தால் பிழை அந்தத் தோல்மேல்தான் விழும். காந்தம் தோலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம் குடித்துக்கொண்டு டன் கணக்கில் கனக்கும் அந்தக் காந்தத்தின் முன்னால் போய்ப் படுக்கிறவரின் மடிக்கனத்தைப் பார்க்கிறது. இலவச முகாம் நிரம்பி வழிவதற்கும் இதற்கும் தொடர்பு இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் தோலைக் குத்துவது கிடையாது. பெட்டிக்காரரும் அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். ஆனால் அந்த எட்டில் மொழி ஒன்று. நோயாளி பேசுவதைக் கேட்பது அதில் அடக்கம். மண்டபத்தில் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசு மருத்துவமனையிலும் அவ்வளவாகக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விமர்சனம் செய்யத் தெரிந்த நாம், எது உண்மை என்று கேட்பதை விட்டுவிட்டோம். எல்லா அறிவும் அதிகாரத்தின் பிரதி என்று சொன்ன கையோடு, ஒரு பிரதிக்கும் இன்னொரு பிரதிக்கும் வித்தியாசம் பார்க்கிற வேலையையும் தூக்கிப் போட்டோம். அந்த வெற்றிடத்தில்தான் பெட்டிக்காரர் கடை விரித்தார். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்தில் படிந்து ஆளைக் கொல்லும். எவ்வளவு படிந்திருக்கிறது என்று ஊகிக்கக் கல்லீரலில் ஊசி செருகித் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2001இல் லண்டனில் ஆண்டர்சனும் சகாக்களும் இதயத் தசையின் பதில் எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று காந்தத்தில் கேட்டு, அதன் இரும்பை நேரடியாக மதிப்பிட்டார்கள். கல்லீரலின் கணக்கு இதயத்துக்குப் பொருந்துவதில்லை என்பதும் அப்போது தெரியவந்தது. இதயத்தில் இரும்பு ஏறியவர்களை முன்கூட்டியே கண்டு மருந்தைக் கூட்ட முடிந்தது. பிரிட்டனில் அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஃபாரடே தேடிய அதே இரும்பு. ஒன்றரை நூற்றாண்டு உழைத்து, ரத்தத்தைப் பற்றிக் காந்தம் நிச்சயமாகச் சொல்லக் கற்றுக்கொண்டவை மிகச் சில. அந்தச் சிலவற்றால் பிள்ளைகள் பிழைத்தார்கள். பெட்டி ஒரே நிமிடத்தில் முப்பது பக்கம் சொன்னது.

இதையெல்லாம் அம்மாவிடம் என்னால் முடிந்த தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

'அப்ப அம்புட்டுப் பெரிய காந்தத்துக்கே சுகர் தெரியாதுங்கிற.'

'தெரியாதும்மா.'

'தெரியாதுன்னு அவுகளே சொல்றாகளா?'

'சொல்றாங்க.'

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, நான் வாங்கிவந்திருந்த சுகர் பார்க்கிற மெஷினை இழுத்து வைத்து இடது கையை நீட்டினாள். 'ஆள்காட்டி வெரல் வேண்டாம், நேத்துக் குத்துனது இன்னும் வலிக்கி. மோதிர வெரல்ல குத்து.'